ரெண்டு பொண்ணு, மூணு பிளாஸ்திரி

"போட்டேன்னு சொல்றேனே, இன்னும் எத்தனை தடவை…"

"போட்டிருந்தா எப்படிம்மா வரும்? நீங்களே…"

"கைக்குழந்தையில ஒண்ணு, நடக்க ஆரம்பிச்சப்புறம் ஒண்ணு. ரெண்டுக்கும் நான்தான் இடுப்புல தூக்கிட்டுப் போனேன். அவ அழுத அழுகை இன்னும் என்…"

"நீங்களே யோசிச்சுப் பாருங்கன்னு சொல்றேன். தடுப்பூசி போட்ட உடம்புக்குள்ள தட்டம்மை எந்த வழியா…"

"அதை என்னைக் கேட்டா? நானா மேடம் வெள்ளைக் கோட்டு போட்டிருக்கேன்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினார்கள். அந்த இடைவெளியில் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த திருகாணி, பக்கத்தில் இருந்த பெரியக்காவின் காதோரம் சாய்ந்தான்.

"அக்கா, இதுல நம்ம கட்சிக்காரங்க யாரு?"

"கோட்டு போட்டவங்க. வாயை மூடு."

மூடினான். துப்பறியும் தொழிலில் அவன் பெரியக்காவுக்கு உதவியாளனாகச் சேர்ந்து வருஷங்கள் ஓடிவிட்டன. திருகாணி என்பது அவள் வைத்த பெயர்தான். எந்த இடுக்கிலும் நுழைவான், நுழைந்த இடத்தில் சும்மா இருக்காமல் முறுக்கிக்கொண்டே இருப்பான். ஆனால் இந்த நர்சிங் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த காலையிலிருந்து அவன் விட்ட நகைச்சுவை ஒன்றுக்கும் ஒருத்தரும் சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை. மரத்துப்போன காலைக் கிள்ளினால் எப்படியோ, அப்படி இருந்தது. வாசற்காவலர், ஹாஸ்டல் பெண்கள், ஆபீஸ் கிளார்க் எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள், கேட்டதற்குப் பதில் சொன்னார்கள், போய்விட்டார்கள்.

முதல்வரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். குரலை இறக்கினார்.

"பாருங்கம்மா. சண்டை போட உங்களைக் கூப்பிடல. ஆஸ்பத்திரியில குழந்தைகள் வார்டுல தட்டம்மை வந்துச்சு. ஒரு குழந்தை போயிடுச்சு. ஆண் குழந்தை. தடுப்பூசி போடுற வயசே இன்னும் வரல அதுக்கு. வார்டுக்குள்ள நோயைக் கொண்டுவந்தது உங்க பொண்ணு."

"அவளுக்கே தெரியாது மேடம். லேசாக் காய்ச்சல்னா, தூக்கம் பத்தலைன்னு நினைச்சிருக்கா."

"ஏன் தெரியாது? முகாம்ல எல்லாப் பொண்ணுங்களுக்கும் ரத்தம் எடுத்தோம். எதிர்ப்புச் சக்தி இருக்கறவங்களைத்தான் குழந்தைகள் வார்டுக்கு அனுப்புவோம். இல்லாதவங்களுக்கு மறுபடி ஊசி போட்டு, அது பிடிச்சப்புறம்தான் அனுப்புவோம். உங்க பொண்ணுக்கு இருக்குன்னு ரிசல்ட் வந்துச்சு."

"அப்போ உங்க ரிசல்ட் தப்பு!"

"ரிசல்ட் சரி. ரத்தம்தான் தப்பு." முதல்வரம்மா மேஜையை விரலால் தட்டினார். "மிச்சம் வச்சிருந்த டியூப்பை எடுத்து ரத்த வகை பார்த்தோம். மேல ஒட்டியிருக்கிற பேரு உங்க பொண்ணோடது. உள்ள இருக்கிற ரத்தம் வேற யாரோடதோ. இதுக்கு என்ன அர்த்தம்? நீங்க ஊசி போடல. அது அவளுக்குத் தெரியும். மாட்டிக்குவோம்னு வேற ஒருத்தியைக் கொடுக்க வச்சிருக்கா. நாளைக்கு விசாரணைக் குழு உட்காருது. அவளையும் அனுப்பிடுவோம், கொடுத்தவளையும் அனுப்பிடுவோம். எந்தக் காலேஜ்லயும் இனி நர்சிங் படிக்க முடியாது."

சிட்டுவின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மகளுக்குச் சிட்டு என்று செல்லப் பெயர் வைத்தவள் அவள்தான். வகுப்பு முழுக்க இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறது.

பெரியக்கா பெஞ்சிலிருந்து முதல் முறையாகப் பேசினாள்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு. உங்க பொண்ணுக்கு ஊசின்னா பயமா?"

"பயந்தவ இந்தப் படிப்புக்கு வருவாளாங்க?" என்றாள் அந்தத் தாய். யோசித்துவிட்டுச் சேர்த்தாள்: "அடுத்தவங்களுக்குப் போடப் பயமில்லை. அவளுக்குப் போட்டாத்தான் கண்ணு இருட்டிக்கிட்டு வரும்."

முதல்வரம்மா பெரியக்காவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பார்த்தீர்களா என்று அர்த்தம்.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் திருகாணி பெருமூச்சு விட்டான்.

"அக்கா, தாயே மகளுக்குக் குழி வெட்டிட்டு, மண்ணும் தள்ளிட்டுப் போயிட்டா."

"உனக்குத் தட்டம்மை வந்திருக்கா?"

"சின்ன வயசுல எல்லாம் வந்தாச்சு. எனக்கு வராதது புத்தி ஒண்ணுதான்னு எங்க அப்பா சொல்வாரு."

"நல்லது. அப்போ தைரியமா எல்லா இடத்துக்கும் வா."

தாழ்வாரத்தின் பாதியில் அறிவிப்புப் பலகை ஒன்று மாட்டியிருந்தது. அதில் பெரிதாக ஒரு புகைப்படம். மேலே கலர் காகிதத்தில் வெட்டி ஒட்டிய எழுத்துகள்: 'நாங்கள் தயார்!' ரத்தம் எடுத்த முகாம் நாளில் பிடித்தது. இளநீலச் சீருடைப் பெண்கள் மூன்று வரிசையாக நின்று, சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கை மடிப்பில் ஒட்டிய வட்டப் பிளாஸ்திரி தெரியும்படி கையை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லா முகத்திலும் சிரிப்பு. இன்று காலை இதே முகங்களைத்தான் திருகாணி பார்த்தான். அடையாளம் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பரிசு வாங்கின மாதிரி நீட்டுறாங்க," என்றான். "அதோ, ஓரத்துல நிக்கிறது பயிற்சி டீச்சர். காலையில வராண்டாவுல பார்த்தோமே. கீழே பாருங்க, தரையில பழைய பேப்பர் விரிச்சிருக்கு. போட்டோ முடிஞ்சதும் பந்தி போல."

பெரியக்கா சிரிக்கவில்லை. அது புதிதல்ல. அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, திருப்பி, லென்ஸ் ஒன்றை மட்டும் படத்தின் மேல் பிடித்தாள்.

"நடு வரிசை. கோடியில நிக்கிற உயரமான பொண்ணு. என்ன தெரியுது?"

திருகாணி எக்கிப் பார்த்தான். அந்தப் பெண் இரண்டு கையையும் நீட்டியிருந்தாள். இரண்டு முழங்கையிலும் பிளாஸ்திரி.

"ரெண்டு கையிலயும் குத்தியிருக்காங்க. முதல் கையில நரம்பு கிடைச்சிருக்காது. படிக்கிற பசங்கதானே ஒருத்தருக்கொருத்தர் எடுத்தாங்களாம். குத்திக் குத்தித்தானே பழகணும்."

"இருக்கலாம். வா, கேட்டுப் பார்ப்போம்."

மாணவிகள் ஊசி போட்டுப் பழகும் கூடத்துக்குப் பொம்மை ரூம் என்று பெயர். கட்டில்களில் ரப்பர் மனிதர்கள் கழுத்து வரை போர்த்திப் படுத்திருந்தார்கள். மேஜை மேல் தோளோடு துண்டித்த ரப்பர் கைகள். ஒவ்வொன்றுக்கும் மேலே கம்பியில் சிவப்புச் சாயத் தண்ணீர்ப் பை தொங்கியது. ஜன்னலோரம் உயரமான அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் நீட்டிய கையைச் சுற்றி நாலைந்து முதலாண்டுப் பெண்கள் குனிந்து நின்றார்கள். ஒருத்தி அந்தக் கையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, கைரேகையா?" என்றான் திருகாணி.

"நரம்பு சார்," என்றாள் தடவியவள். முகத்தில் ஒன்றும் இல்லை. "நரம்பு எப்படி இருக்கணும்னு தெரிஞ்சுக்க முதல்ல இந்த அக்கா கையைத்தான் தொட்டுப் பார்க்கச் சொல்வாங்க. இவங்க பேரே குழாய்."

"குழாயா?"

"கண்ணை மூடிட்டுக் குத்தினாலும் வரும் சார். இந்தக் காலேஜ்ல குழாயக்கா கையில தவறவிட்டவங்க யாருமே இல்லை."

திருகாணி மெதுவாகத் திரும்பிப் பெரியக்காவைப் பார்த்தான். அவள் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வேறு யாருடைய கையோ போல, அந்த மேஜையில் கிடக்கும் ரப்பர்க் கைகளில் இன்னொன்று போல.

"எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்கம்மா," என்றாள் பெரியக்கா.

சின்னப் பெண்கள் போனார்கள். பெரியக்கா எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"யாருக்கும் தவறாத கையில முகாம் அன்னிக்கு ரெண்டு இடத்துல பிளாஸ்திரி. ரெண்டு தடவை ரத்தம் கொடுத்தியா?"

"ஆமா மேடம்."

இவ்வளவு சுலபமாக வரும் என்று திருகாணி எதிர்பார்க்கவில்லை. மறுப்பாள், அழுவாள், மடக்க வேண்டியிருக்கும் என்று மனசுக்குள் நாலு கேள்வி தயாராக வைத்திருந்தான். நாலும் வீணாயிற்று.

"இன்னொண்ணு யாருக்காக?"

"சிட்டுவுக்காக."

"சிட்டு உன்கிட்ட கேட்டாளா?"

குழாய் பதில் சொல்லவில்லை. சுருட்டிய சட்டைக் கையை இறக்கி, பொத்தானைப் போட்டாள். பொத்தான் ஓட்டையில் ஏறவில்லை. மறுபடி போட்டாள்.

"அந்தக் குழந்தை இறந்த அன்னிக்கு நீ எங்க இருந்த?" என்றாள் பெரியக்கா.

"வார்டுல. கட்டில் விரிப்பு மாத்தச் சொன்னாங்க. மாத்தினேன். அடுத்த குழந்தை வந்துச்சு. அதுக்கும் விரிச்சேன்."

"அழுதியா?"

"இன்னும் இல்லை மேடம்."

மறுபடி தாழ்வாரம். திருகாணி கைகளைத் தட்டித் துடைத்துக்கொண்டான்.

"முடிஞ்சுது அக்கா. ஊசின்னா கண்ணு இருட்டுற சிட்டு. ஊசிக்கு அசையாத குழாய். சிநேகிதி கஷ்டப்படக் கூடாதுன்னு இவ ரெண்டு பங்கு கொடுத்திருக்கா. ரிப்போர்ட்டு எழுதிடலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள ரெண்டு பேர் படிப்புக்கும் சேர்த்துக் காரியம் பண்ணிட்டோம்."

கடைசி வாக்கியம் நகைச்சுவையாகத்தான் கிளம்பியது. வெளியே வரும்போது அப்படி இல்லை.

"நீ ஒரு பதிலைக் கேட்ட," என்றாள் பெரியக்கா. "சிட்டு கேட்டாளான்னு நான் கேட்டதுக்கு அவ பதிலே சொல்லல."

"பேசாம இருந்தா ஆமான்னுதானே அர்த்தம்?"

"அது கல்யாணப் பேச்சுல. இங்க வா."

மறுபடி அறிவிப்புப் பலகை. மறுபடி மூக்குக் கண்ணாடி.

"முன் வரிசை. நாற்காலியில உட்கார்ந்திருக்கிறது யாரு?"

வரிசையில் ஒருத்திக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, சிரிக்க முயற்சி செய்துகொண்டிருந்தாள், விசாரணைக் கோப்பில் அவன் படம் பார்த்திருந்த சிட்டு. கையை அவளும் நீட்டியிருந்தாள். முழங்கை மடிப்பில் வட்டப் பிளாஸ்திரி.

திருகாணியின் வாய் தானாகத் திறந்தது.

"ஒட்டிக்கிட்டு நடிச்சிருப்பா…"

"முகத்தைப் பாரு. அந்த வெளுப்பை ஒட்ட முடியுமா? குத்தியிருக்காங்க. குத்தித்தான் கண்ணு இருட்டியிருக்கு. நாற்காலி போட்டிருக்காங்க."

"அப்போ குழாய்கிட்ட ரெண்டு. சிட்டுகிட்ட ஒண்ணு." அவன் விரலை மடக்கினான். "ரெண்டு பொண்ணு, மூணு பிளாஸ்திரி. அக்கா, தானே ரத்தம் கொடுத்தவளுக்கு எதுக்கு இன்னொருத்தி கொடுக்கணும்?"

"இப்பத்தான் நீ துப்பறியுற."

"அப்போ சிட்டுவோட ரத்தம் எங்க போச்சு?"

பெரியக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "உன் பந்திக்குக் கீழே," என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை. பொம்மை ரூமை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

இந்த முறை கூடத்தில் பயிற்சி டீச்சர் இருந்தார். நாற்பதைத் தாண்டிய பெண்மணி. கொண்டையில் ஒரு மயிர் பிசிறில்லை. ரப்பர் மனிதன் ஒருவனின் போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். வந்தவர்களைப் பார்த்ததும் வணக்கம் சொன்னார். குரல் மட்டும் எங்கோ அடியிலிருந்து வந்தது.

"ஏதாவது தெரிஞ்சுதா மேடம்?"

"கொஞ்சம்," என்றாள் பெரியக்கா. மேஜையோரம் சாய்ந்து, ரப்பர்க் கை ஒன்றை வேடிக்கை பார்ப்பது போல் எடுத்தாள். "இதுல எல்லாம் நிஜ ரத்தம் மாதிரியே வருமோ?"

"சாயத் தண்ணிதான் மேடம். பார்த்து, அந்தப் பை…"

பை ஏற்கெனவே கம்பியிலிருந்து நழுவிவிட்டது. தரையில் விழுந்து தெறித்தது. சிவப்பு நாலா பக்கமும் ஓடியது. திருகாணி ஐயோ என்று துள்ளிப் பின்னால் போனான். பெரியக்காவோடு இத்தனை காலம் இருந்ததில் அவள் கை ஒரு டீ டம்ளரைக்கூடத் தட்டிவிட்டு அவன் பார்த்ததில்லை.

டீச்சர் துள்ளவில்லை. யோசிக்கவும் இல்லை. ஒரே எட்டில் அலமாரிக்குப் போனார். அடித்தட்டில் அடுக்கியிருந்த பழைய செய்தித்தாளை உருவினார். உதறி விரித்துச் சிவப்பின் மேல் போட்டார். பிளீச்சிங் கரைசல் பாட்டிலை எடுத்து அதன் மேல் ஊற்றினார். எல்லாம் முடிந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"யாரும் மிதிக்காதீங்க. கொஞ்ச நேரம் ஊறணும். அப்புறம்தான் அள்ளணும்." சொல்லிவிட்டு அவரே லேசாகத் திகைத்தார். "இது சாயம்தான். பழக்க தோஷம்."

திருகாணி தரையைப் பார்த்தான். புகைப்படத்தில் சீருடைக் கால்களுக்கு முன்னால் இதே மாதிரி விரிந்து கிடந்த ஒரு செய்தித்தாள் ஞாபகத்துக்கு வந்தது. பந்தி!

பெரியக்கா மெதுவாகக் கேட்டாள்.

"முகாம் அன்னிக்கு விழுந்த டியூப் சிட்டுவோடதுதானே டீச்சர்?"

டீச்சர் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார். பாட்டிலை அலமாரியில் வைத்தார். பிறகு பக்கத்துக் கட்டிலில், ரப்பர் மனிதனின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"அவதான் கடைசி," என்றார். "அவ நரம்பு பிடிக்கவே பெரிய பாடாப் போச்சு. தேடித் தேடி எடுத்தோம். எடுத்ததும் மயங்கிச் சாய்ஞ்சுட்டா. அவளைத் தாங்கப் போனேன். என் கையிலிருந்த டியூப் விழுந்து உடைஞ்சுது. லேப் வண்டி கீழே ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

"மறுபடி எடுத்திருக்கலாமே?"

"எடுத்திருக்கணும்." அவர் தலையாட்டினார். "முகத்தைப் பார்த்தேன் மேடம். தண்ணி தெளிச்சுக் கண்ணு திறந்து, 'சாரி டீச்சர், சாரி டீச்சர்'னு புலம்பிக்கிட்டிருந்தா. மறுபடி குத்த மனசு வரல. பாவமா இருந்துச்சு. குழாய் பக்கத்துல நின்னா. 'நீ இன்னொரு டியூப் கொடும்மா'ன்னேன். மறு கையை நீட்டினா. சிட்டு பேரை ஒட்டி அனுப்பிட்டேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு குழாய்கிட்ட சொன்னேன். சிட்டுவுக்கு உடைஞ்சதே தெரியாது."

"சிட்டுவோட அம்மா ஊசி போடலைன்னு முதல்வர் சொல்றாங்க," என்றான் திருகாணி. அவன் குரலில் இப்போது முறுக்கு இல்லை.

"போட்டிருப்பாங்க. நிச்சயமா. எல்லாப் பொண்ணுக்கும் போட்டிருந்துச்சு, அதனாலதானே எல்லார் ரத்தமும் ஒண்ணுதான்னு நினைச்சேன்! போட்டும் சிலர் உடம்புல பிடிக்காது. யாருக்குப் பிடிக்கலைன்னு தெரிஞ்சுக்கத்தான் அந்தப் பரிசோதனையே." டீச்சர் தன் கைகளை மடியில் திருப்பிப் போட்டுப் பார்த்தார். "அந்தப் பாடத்தை எடுக்கிறதே நான்தான் சார்."

"குழந்தை இறந்தப்புறமாவது சொல்லியிருக்கலாமே டீச்சர்?" என்றாள் பெரியக்கா.

"தினமும் குளிச்சு, சீருடை போட்டு, முதல்வர் ரூம் வாசல் வரைக்கும் போவேன். கதவைப் பார்ப்பேன். அப்புறம் வகுப்புக்கு நேரமாச்சுன்னு வந்து பாடம் எடுப்பேன். ஒண்ணுமே தோணாது மேடம். பசிக்கக்கூட இல்லை."

திருகாணிக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. இந்த மாதிரி இடத்தில் சொல்வதற்கென்றே அவனிடம் ஒரு மூட்டை உண்டு. அவிழ்த்துப் பார்த்தான். காலி.

டீச்சர் எழுந்தார். தரையில் ஊறிய காகிதத்தை மடித்து அள்ளினார், குப்பைக்கூடையில் போட்டார், கையைச் சோப்புப் போட்டு விரல் இடுக்கு வரை கழுவினார்.

"நானே போய்ச் சொல்றேன். நீங்க கூட வரணும்னா வாங்க."

போனார்கள். முதல்வரம்மா முழுவதையும் கேட்டார். இடையில் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. காலையில் அந்தத் தாயின் வார்த்தைக்கு மேல் வார்த்தை போட்டவர் இவர்தானா என்று திருகாணிக்குச் சந்தேகமாக இருந்தது. கடைசியில் கேட்டார்:

"இதை இப்படியேதான் எழுதணுமா?"

"நடந்ததைக் கண்டுபிடிக்கத்தான் கூப்பிட்டீங்க," என்றாள் பெரியக்கா.

"ஒரு பொண்ணு ஏமாத்தினான்னா காலேஜ் தலை நிமிர்ந்து நிக்கும். டீச்சரே மாத்தி அனுப்பினாங்கன்னா…"

"குனிஞ்சுதான் நிக்கணும்."

டீச்சர் சுவரோரம், காலையில் திருகாணி உட்கார்ந்திருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். முதல்வரம்மா போனை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்து, நாளைக்கு விசாரணையில் சிட்டுவின் பெயர் வேண்டாம் என்று யாரிடமோ சொன்னார்.

"குழாய்?" என்றாள் பெரியக்கா.

"டீச்சர் சொன்னதைச் செஞ்சா. அவ மேலயும் வேண்டாம்," என்றார் முதல்வரம்மா.

ஹாஸ்டலின் பின்பக்கத்தில், உடம்பு சரியில்லாதவர்களுக்கான அறை. நோய் தணிந்த பிறகும் சிட்டுவை அங்கேயே வைத்திருந்தார்கள். விசாரணை முடியட்டும் என்றார்களாம். மற்றப் பெண்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் இல்லை, அவர்கள் படித்தவர்கள். வந்தால் என்ன பேசுவது என்று தெரியாததுதான்.

சிட்டு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்திலும் கழுத்திலும் மங்கலான பழுப்புத் தடம். அவள் அம்மா துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்ததும் தலை நிமிர்ந்தாள்.

"கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்களா? கையெழுத்து எங்க போடணும்?"

"பையைக் கீழே வைங்கம்மா," என்றாள் பெரியக்கா. "உங்க பொண்ணு எங்கயும் போக வேண்டாம்."

சொன்னாள். அவள் சொல்கிற முறையே அப்படித்தான்: நடந்ததை நடந்த வரிசையில், ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல். உடைந்த டியூப், விரித்த காகிதம், குழாயின் மறு கை, டீச்சரின் வாக்குமூலம்.

"நீங்க ரெண்டு ஊசியும் போட்டது நிஜம். அவ உடம்புல அது பிடிக்கல. அவ்வளவுதான். உங்க மேலயும் தப்பில்லை, அவ மேலயும் தப்பில்லை."

அம்மா கையில் பிடித்திருந்த துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கேட்டியாடி? சொன்னேனா இல்லையா? இடுப்புல தூக்கிட்டுப் போனேன்னு சொன்னேனா? அந்தம்மா நம்பலையே! கேட்டியாடி சிட்டு, உன் மேல தப்பில்லையாம்! ஏதாவது சொல்லேன்டி!"

சிட்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வகுப்பில் குறிப்பெடுக்கும் மாணவி கேட்பது போல.

"என் ரத்தம் கொட்டிடுச்சா?"

"ஆமாம்மா."

"டீச்சர் ஏன் என்னை மறுபடி குத்தல?"

"பாவமா இருந்துச்சாம்."

சிட்டு தலையாட்டினாள். புரிந்தது என்ற தலையாட்டல். கோபம் வரும் என்று திருகாணி காத்திருந்தான். அழுகையாவது வரும் என்று பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம், நிரம்பி, நின்றது.

"நீ நாளையிலிருந்து வகுப்புக்குப் போகலாம்," என்றான் அவன். தன் குரல் தனக்கே கெஞ்சலாகக் கேட்டது. "எல்லாம் தீர்ந்துபோச்சும்மா. உன் பேர்ல ஒண்ணும் இல்லை. நிஜமா ஒண்ணுமே இல்லை."

அவள் அவனைப் பார்க்கவில்லை. பெரியக்காவைப் பார்த்தாள்.

"இறந்துபோன அந்தக் குட்டிப் பையன் மாஸ்க்கைப் பார்த்தாலே வீறிட்டு அழுவான் மேடம். நான் சிரிக்கிறது அவனுக்குத் தெரியட்டும்னு, மாஸ்க்கைக் கழட்டிட்டு, மூஞ்சிகிட்ட மூஞ்சி வச்சுப் பேசினேன். அதை யார் கணக்குல எழுதப் போறீங்க?"